பொகோட்டாவில் அதிரசம்

அதிரசத்துக்கு என்ன பெரிதாக வேண்டும்? பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், பொரிக்க எண்ணெய். இவ்வளவு சின்னப் பட்டியல் உள்ள பலகாரம் கடல் தாண்டியதும் பாடாய்ப் படுத்துகிறது. எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது. தப்பித் தவறி வெந்து வந்தாலும் ஆறியதும் கல்லாகிறது. கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஊர்க் கடையில் வாங்கியபோது அந்தப் பொருள்கள் நமக்குத் தெரியாமலே சில வேலைகளைச் செய்துகொண்டிருந்தன. அந்த வேலை எது என்று தெரிந்துவிட்டால், அதைச் செய்யக்கூடிய இன்னொரு பொருள் அநேகமாக எந்த ஊரிலும் கிடைக்கும்.

வெல்லத்தை எடுத்துக்கொள்வோம். அதே நிறத்தில் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணில் படுவது பிரவுன் சுகர். பெரும்பாலும் அது சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைதான்; அதன்மேல் மொலாசஸ் என்னும் கரும்பாகைக் கொஞ்சம் பூசியிருப்பார்கள். வெளிர் நிற வகையில் அது 100 கிராமுக்கு மூன்று, நான்கு கிராம்தான். வெல்லமோ கரும்புச்சாறே வற்றி இறுகியது. சாறு கொப்பரையில் கொதிக்கும்போதே அதிலுள்ள சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடுகிறது. இப்படி உடைந்த கலவையைப் ‘பிரிசர்க்கரை’ என்று வைத்துக்கொள்ளலாம். வெல்லத்தில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல்கூட இருக்கும்.

அதிரசத்தின் மென்மை இந்தப் பிரிசர்க்கரையிடம்தான் இருக்கிறது. சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஒரே அச்சில் வார்த்த செங்கற்கள் மாதிரி. பாகு ஆறும்போது வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாக இறுகும். நடுவே வேறு அளவுக் கற்கள் கலந்துவிட்டால் சுவர் எழும்பாது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் அந்தக் கலைப்பு வேலையைச் செய்கின்றன. போதாததற்கு, ஃப்ரக்டோஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரவுன் சுகரில் சுட்ட அதிரசம் மறுநாள் பல்லை உடைப்பதற்குக் காரணம் அதில் பிரிசர்க்கரை போதாததுதான். வேறு வழியில்லாமல் அதைத்தான் வாங்க வேண்டுமென்றால் பாகில் ஒரு கரண்டி தேன் சேர்க்கலாம். தேனில் சர்க்கரையெல்லாம் ஏறக்குறையப் பிரிந்த நிலையிலேயே இருக்கிறது. அல்லது பாகு கொதிக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். அந்தப் புளிப்பு அமிலம் அடுப்பிலேயே சுக்ரோஸைப் பிரிக்கும்.

வெல்லத்தின் சொந்தக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கொலம்பியாவில் பனேலா, மெக்சிகோவில் பிலோன்சியோ, பிரேசிலில் ரப்பதுரா, ஜப்பானின் ஒகினாவாவில் கொக்குதோ. எல்லாமே கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறுக்கியவை. நியூயார்க்கிலோ மாட்ரிட்டிலோ லத்தீன் அமெரிக்கக் கடை ஒன்று கண்ணில் பட்டால் உள்ளே போய்ப் பாருங்கள். கூம்பாகவோ அச்சாகவோ அது அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

பனேலா தாராளமாகக் கிடைக்கும் பொகோட்டாவில் ஒரு வேடிக்கை நடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள நகரம் அது. காற்றழுத்தம் குறைவென்பதால் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதிரசப் பாகுக்குச் சென்னையில் 112 முதல் 115 டிகிரி வேண்டும்; அந்தச் சூட்டில்தான் பாகில் சர்க்கரை சுமார் 85 சதவீதம் என்ற அளவுக்குச் செறிந்திருக்கும். பொகோட்டாவில் அதே செறிவு ஏறத்தாழ ஒன்பது டிகிரி முன்னதாகவே வந்துவிடும். சமையல் குறிப்பை நம்பி வெப்பமானியில் 113 வரும்வரை காத்திருந்தால் பாகு முற்றிவிடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டி, மெத்தென்று உருள்கிறதா என்று பார்க்கும் நம் வழக்கமோ எந்த மலையிலும் பிசகாது. அது சூட்டை அளக்கவில்லை. பாகில் மிச்சமிருக்கும் நீரை நேராகவே அளக்கிறது. வெப்பமானியைவிட இந்தக் காரியத்துக்கு விரல்தான் நல்ல கருவி என்பது என் தீர்மானமான கருத்து.

அரிசி மாவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு: நீண்ட இழையான அமைலோஸ், கிளைகிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின். பலகாரத்துக்கு நாம் எடுக்கும் பச்சரிசியில் பொதுவாக அமைலோஸ் 20 சதவீதத்துக்கு மேல். ஒட்டரிசியில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை; அதனால் அது வெந்தால் சவ்வாக இழுக்கும். மூன்று யானைத்தலை படம் போட்ட தாய்லாந்து ‘எரவான்’ மாவு உலகமெங்கும் ஆசியக் கடைகளில் கிடைக்கிறது. சிவப்பு எழுத்து சாதாரண அரிசி மாவு, பச்சை எழுத்து ஒட்டரிசி மாவு, நீல எழுத்து மரவள்ளி மாவு. அவசரத்தில் பச்சையைத் தூக்கி வந்தால் அன்றைக்கு முறுக்கும் கிடையாது, அதிரசமும் கிடையாது.

சிவப்பு எழுத்து மாவும் முறுக்குக்குத்தான் சரி. அதிரசத்துக்கு ஈர மாவு வேண்டும். அதன் காரணம் அழகானது. 85 சதவீதம் சர்க்கரை உள்ள பாகு, தன்னிடமுள்ள கொஞ்ச நீரையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். உலர்ந்த மாவுக்கு அதில் பங்கு தராது. மாவு வேகவேண்டிய நீர் முன்கூட்டியே அரிசிக்குள் போயிருக்க வேண்டும். அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே அரைப்பது அதற்காகத்தான். ஊறிய அரிசி மென்மையாகி எளிதில் நுணுங்குவதால், மாவுச்சத்து மணிகளும் சிதையாமல் தப்புகின்றன. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மணிகள் அவை. குளிர்நாட்டு வீட்டில் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு கிடக்கும். நம் ஐப்பசி மழைக்கால வீட்டில் அரிசியை உலர்த்தும் கணக்கு அங்கே செல்லாது. கடிகாரத்தைப் பார்க்காமல் அரிசியைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். அரைத்த மாவைக் கையில் இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும்.

முறுக்குக்குப் பொட்டுக்கடலை கிடைக்காத ஜெர்மனியில் துருக்கியக் கடைக்குப் போங்கள். அங்கே நொறுக்குத்தீனியாக விற்கும் லெப்லெபியும் வறுத்த கொண்டைக்கடலைதான். உப்புப் போடாத மஞ்சள் வகையை வாங்கி மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் போதும்.

ஏலக்காய்க்குக் கவலையே இல்லை. சுவீடன்காரர்கள் காலங்காலமாக அதைப் பன்னில் போட்டுத் தின்கிறார்கள். அங்கே மளிகைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். இன்று உலகிலேயே அதிகம் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. ஆனால் செடியின் பிறந்த வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. எங்கே வாங்கினாலும் பொடியாக வாங்காதீர்கள். அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்; தோல் கிழிந்ததுமே பறக்கத் தொடங்கிவிடும். முழுக்காயாக வாங்கி, பாகு இறக்கும் நேரத்தில் இடித்துப் போடுங்கள்.