ஆடை, வெண்ணெய், நெய்: கார்டு பாயின்ட் எப்படி இயங்குகிறது?

மயிலாப்பூரில் சில வீடுகளில் கடை நெய் வாங்குவது இன்றும் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். தினமும் காய்ச்சிய பாலில் படியும் ஆடையை வழித்து, கிண்ணத்தில் போட்டு, ஃப்ரிட்ஜில் சேர்ப்பார்கள். கிண்ணம் நிறைந்ததும் துளி தயிர் விட்டு உறைய வைத்து, கடைந்து, வெண்ணெய் எடுத்து, முருங்கை இலை கிள்ளிப் போட்டுக் காய்ச்சுவார்கள். கிரெடிட் கார்டு பாயின்ட் விமான டிக்கெட்டாக மாறுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் இந்தக் கிண்ணம் இருப்பது வங்கியின் ஃப்ரிட்ஜில்.

முதலில் பால். அடையாறில் ஒரு கடையில் 100 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு 100 ரூபாய் போய்ச் சேராது. சுமார் 2 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். எம்டிஆர் என்று பெயர். அதில் பெரிய பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. மிச்சத்தை மெஷின் வைத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்கும் பிரித்துக்கொள்ளும். இந்த 2 ரூபாய்தான் ஆடை. வழித்ததில் ஒரு ஸ்பூனை உங்கள் கிண்ணத்தில் போட்டுவிட்டு, 'வாழ்த்துகள்' என்று வங்கி எஸ்எம்எஸ் அனுப்புகிறது. கடைக்காரர் இந்த 2 ரூபாயை விலையில் ஏற்றியிருப்பார் என்பதால், வாழ்த்துக்குக் காசு கொடுத்தவரும் நீங்கள்தான்.

டெபிட் கார்டில் இந்தக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கட்டணமே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. அதனால்தான் பாயின்ட் என்ற சமாச்சாரமே அங்கே செழிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கார்டு கொடுத்த வங்கியின் பங்கை 0.3 சதவீதத்தோடு நிறுத்தியது. அவ்வளவு மெல்லிய ஆடையில் யாரும் நெய் எடுக்க முடியாது.

எல்லாப் பாலிலும் ஆடை ஒரே மாதிரி படியாது என்பது ஆவின் பாக்கெட் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கடைகளும் அப்படித்தான். ஒவ்வொரு கடைக்கும் எம்சிசி என்று நான்கு இலக்க எண் உண்டு. நகைக்கடைக்கு 5944, பெட்ரோல் பங்குக்கு 5541, வாடகைக்கு 6513, வரிக்கு 9311. பாயின்ட் போடும் கணினி பார்ப்பது இந்த எண்ணைத்தான். பெட்ரோல், வாடகை, அரசுக் கட்டணங்களில் ஆடை மெலிசு. நிபந்தனைப் பக்கத்தில் 'இவற்றுக்குப் பாயின்ட் கிடையாது' என்ற பட்டியல் நீண்டுகொண்டே போவது இதனால்தான்.

விமானம் ஓட்டக் கற்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த நான்கு இலக்கம் ரொம்ப முக்கியம். சென்னைக்கு அந்த ஆசை புதிதல்ல. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930இல் தொடங்கியது. பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 40 மணி நேரமும் கமர்ஷியலுக்கு 200 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். கட்டணம் லட்சங்களில் போகும். அதையெல்லாம் கார்டில் கட்டினால் பெண் பறந்து முடிப்பதற்குள் அப்பா அம்மாவுக்கு ஒரு சிங்கப்பூர் டிக்கெட் தேறிவிடும் என்று மனக்கணக்கு ஓடும். ஆனால் பயிற்சிப் பள்ளியின் மெஷினில் கல்வி என்று பதிந்திருந்து, உங்கள் கார்டு கல்வியை விலக்கியிருந்தால் கிண்ணத்தில் ஒரு துளியும் விழாது. ஏதாவது ஆப் வழியாகக் கட்டலாம் என்றால், ஐசிஐசிஐ வங்கி 2024 நவம்பர் 15 முதல் அப்படிக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு 1 சதவீதம் வாங்குகிறது. முழுத் தொகையைக் கட்டுவதற்கு முன் சின்னத் தொகை ஒன்றைத் தேய்த்து, பாயின்ட் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது.

கிண்ணம் நிறைந்தாயிற்று. இனி கடைய வேண்டும். பாயின்டை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றும் விகிதம் இங்கேதான் வருகிறது. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டைப் பாருங்கள். முன்பு மாதம் 1 லட்சம் செலவழித்தால் 200 ரூபாய்க்கு 12 வீதம் 6,000 பாயின்ட். அதோடு இலக்கைத் தொட்டதற்கு 25,000 பாயின்ட் போனஸ். 5 பாயின்டுக்கு 4 மைல் என்ற விகிதத்தில் மொத்தம் 24,800 மைல். 2023 செப்டம்பர் 1 முதல் போனஸ் போனது. விகிதமும் 5க்கு 2 ஆனது. அதே 1 லட்சத்துக்கு இப்போது 2,400 மைல். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதை அட்டவணை போட்டு ஈமெயிலில் அனுப்பினார்கள்.

வங்கியைத் திட்டுவதற்கு முன் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 1 லட்சத்தில் ஆடையே மொத்தம் 2,000 ரூபாய்தான். ஒரு மைலுக்கு 50 பைசா என்று வைத்தால்கூட வங்கி கொடுத்தது 12,400 ரூபாய். தன் கைக்காசைப் போட்டு ஆள் பிடித்தது. எல்லோரும் மாதாமாதம் சரியாக 1 லட்சத்தைத் தொட்டு நிறுத்த ஆரம்பித்ததும் கையை இழுத்துக்கொண்டது. வங்கிக்கு உண்மையான வரும்படி, கெடு தேதியில் முழுசாகக் கட்டாமல் மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டி கட்டுகிறவர்களிடமிருந்து. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் ஏறும் விமானத்தில் யாரோ ஒருவரின் கடன் வட்டியும் சேர்ந்தே ஏறுகிறது. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு கடனுக்கான ரிஸ்க் வெயிட்டை 125இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதே கடனுக்கு வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனம் கூடியது. தாராளம் இன்னும் சுருங்கியது.

காய்ச்சும் அடுப்போ மூன்றாவது ஆளான விமான நிறுவனத்தின் கையில். விஸ்தாரா 2024 நவம்பர் 12இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாரா பாயின்ட்கள் ஒன்றுக்கு ஒன்று மாறின. அளவு குறையவில்லை. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை பாயின்ட் என்று இனிச் சொல்வது ஏர் இந்தியா. விஸ்தாராவை நம்பி எஸ்பிஐ, ஆக்சிஸ், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் கொடுத்த கார்டுகளை வைத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக நுழைவதும் அதே கதிதான்: ஐசிஐசிஐ கார்டுகள் பலவற்றில் முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்தால் போதும் என்றிருந்தது 75,000 ஆயிற்று.

மாற்றம் பற்றிய ஈமெயில் வந்தால் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும்: விலக்கிய வகைகள், மாத உச்சவரம்பு, மைல் விகிதம். பாயின்ட் வீதம் அப்படியே இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கை வைப்பது பெரும்பாலும் விகிதத்தில்.

தி. நகரில் பில் போடும் இடத்தில், "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்று சில கடைகளில் சொல்வார்கள். ஆடையை உங்கள் தலையிலேயே நேராகக் கட்டுகிறார்கள். 1 லட்சத்துக்கு 2,000 ரூபாய். மேக்னஸ் தரும் 2,400 மைல், மைலுக்கு 50 பைசா என்றால் 1,200 ரூபாய். அங்கே யுபிஐயில் கட்டிவிட்டு வாருங்கள்.