பாதியில் நின்ற பையனுக்கு என்ன மிச்சம்?

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் 'ஸரண்டர் மதிப்பு' என்று ஒன்று சொல்வார்கள். முப்பது வருஷம் பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டவர் ஏதோ கஷ்டத்தினால் பத்தாவது வருஷத்திலேயே நிறுத்திவிடுகிறார். அதுவரை கட்டியதற்காக அவர் கைக்குத் திரும்பி வரும் தொகைக்குத்தான் அந்தப் பெயர். இங்கிலீஷ் படிப்புக்கும் இப்படி ஒரு மதிப்பைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஒருவரை நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

மைக்கேல் வெஸ்ட் என்பது அவர் பெயர். இந்தியக் கல்வி ஸர்வீஸைச் சேர்ந்த ஆங்கிலேயர். டாக்காவில் உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்கும் கலாசாலைக்குத் தலைவராக இருந்தவர். வங்காளத்தில் இங்கிலீஷ் ஆரம்பிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை என்பதை அவர் கண்டார். இரண்டு வருஷம், மூன்று வருஷம். அப்புறம் வயல் அல்லது கடை. பாடத்திட்டமோ கடைசிவரை படித்துப் பரீக்ஷை எழுதும் சிலருக்காகவே வகுக்கப்பட்டிருந்தது. நடுவில் நின்றவன் வீட்டுக்குக் கொண்டு போனது என்ன? நாலைந்து இலக்கண விதிகள், உருப்போட்ட சில வாக்கியங்கள். மறுவருஷத்துக்குள் அவையும் மறந்து போகும். வங்காளத்தை முன்னிட்டு இருமொழிக் கல்வியைப் பற்றி 1926-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தக் கேள்வி எழுகிறது. குமாஸ்தாக்களைத் தயாரித்தால் போதும் என்றிருந்த சர்க்காரின் உத்தியோகஸ்தர் ஒருவரே இப்படிக் கேட்டது விசித்திரந்தான்.

முதலில் வாசிக்கக் கற்றுக் கொடுங்கள் என்பது அவர் கண்ட விடை. வங்காளக் கிராமத்தில் இங்கிலீஷில் பேச யார் இருந்தார்கள்? அரைகுறையாகப் பேசக் கற்றவனுக்குப் பேச்சுத் துணை கிடையாது. அரைகுறையாக வாசிக்கக் கற்றவனோ ஓர் எளிய புத்தகத்தையாவது தானே எடுத்துப் படிப்பான்.

அத்தகைய புத்தகம் எங்கே என்பதுதான் சங்கடம். அந்நாளைய வாசகப் புத்தகங்களில், தீவுக்கு 'ஐலண்டு' என்ற சாதாரணச் சொல் இருக்க 'ஐல்' என்று போட்டிருந்தார்கள். 'பிபோர்' இருக்க 'ஏர்'; 'நத்திங்' இருக்க 'நாட்'. கவிகளுக்கு இவை அழகாயிருக்கலாம். டாக்காவின் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன பிரயோஜனம்? வரிக்கு வரி புதுச் சொல் வந்தால் குழந்தை கதையைத் தொடருமா, அகராதியைப் புரட்டுமா? வெஸ்ட் அபூர்வச் சொற்களைத் தள்ளிப் பழக்கமான சொற்களை வைத்தார். புதுச் சொற்கள் போதிய இடைவெளி விட்டு வரும்படியும், வந்த சொல்லே மறுபடி மறுபடி எதிர்ப்படும்படியும் பாடங்களை மாற்றி எழுதினார். பிறகு, 1935-ல், எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதி வெளியிட்டார். சுமார் 24,000 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் அதில் அர்த்தம் உண்டு. அத்தனை அர்த்தங்களையும் 1,490 சொற்களைக் கொண்டே எழுதி முடித்தார்கள்! ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய், அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடி அலைந்த அநுபவமுள்ள நேயர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. 1922-ல் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டுக் கல்வி இலாகாவுக்கு ஆலோசகராயிருந்த ஹெரால்டு பால்மர், பாஷை முதலில் காதுக்கும் பின்பு நாவுக்கும் உரியது, புத்தகம் அதற்கப்புறந்தான் என்ற கொள்கையுடையவர். ஆயினும் 1934-ல் கார்னெகி ஸ்தாபனம் நியூயார்க்கில் கூட்டிய மகாநாட்டில் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து, கற்பவனுக்கு அவசியமான சொற்கள் எவை என்று ஆராய்ந்தார்கள். 1953-ல் வெஸ்ட் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியல் அந்த வேலையிலிருந்து வளர்ந்தது.

நம் அபிப்பிராயத்தில் பால்மர் பேச்சிலும் நியாயம் உண்டு. காதில் விழாத பாஷை உயிரில்லாத பாஷைதான். ஆனால் ஐம்பது பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர், அவருக்கும் இங்கிலீஷ் சரளமாக வராது என்கிற வகுப்பில், பேச்சை மட்டும் நம்பினால் நடுவில் நிற்கும் குழந்தைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. 

பேச்சா, வாசிப்பா என்ற சண்டையையே ஒதுக்கிவிட்டு வேறு வழியில் போனவரும் உண்டு; அவர் நம் பக்கத்தில் வேலை செய்தவர். 1979 முதல் ஐந்து வருஷ காலம் பங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிக்கூட வகுப்புக்களில் என். எஸ். பிரபு ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமும் இல்லை, வாக்கியங்களை உருப்போடுவதும் இல்லை. ஒரு ரயில்வே கால அட்டவணையோ ஊர்ப் படமோ கொடுத்து, 'இத்தனை மணி வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம்?' என்பது போன்ற கணக்குகளை இங்கிலீஷில் கேட்பார்கள். பிள்ளைகளின் கவனமெல்லாம் வண்டியின் மேலே இருக்கும். பாஷை அதற்குள் சந்தடியில்லாமல் வந்து படியும் என்பது நம்பிக்கை. முதலில் உபாத்தியாயர் வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொண்டு ஒன்றைச் செய்து காட்டுவார். பிறகு அதே மாதிரி வேறொன்றை ஒவ்வொருவரும் தனியே செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது அதில் பாதியாவது சரியாகச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் மறுநாள் கணக்கு சுலபமாகிவிடும்.