நெடுந்தீவிலை ஹீற்றர் பூட்டினால் டீசல் மிச்சமோ?

இண்டைக்கு ஒரு கணக்கோடையே தொடங்குவம். ஒரு லீற்றர் டீசலுக்குள்ளை கிட்டத்தட்ட 10 யூனிற் (கிலோவாற் மணித்தியாலம்) சூடு இருக்கு. பொயிலரிலை எரிச்சால் 8 யூனிற் அளவிலை நீராவியா வரும். அதே லீற்றரை ஜெனரேற்றருக்கு ஊத்தினால் வாறது மூண்டு, மூண்டரை யூனிற் கரண்ட்தான். மிச்சமெல்லாம் புகைக்குழாயாலையும் ரேடியேற்றராலையும் காத்தோடை போயிடும்.

ஏன் இந்தக் கணக்கு? ஆலையளிலை எண்ணெய் எரிக்கிறதை விட்டிட்டுக் கரண்டுக்கு மாறுங்கோ எண்டு உலகம் முழுக்கச் சொல்லுகினம். நல்ல கதைதான். ஆனா நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் யாழ்ப்பாணத்திலை இருந்து லைன் போகேல்லை. இவ்வளவு காலமும் டீசல் ஜெனரேற்றர்தான், அந்த டீசலும் கடல் தாண்டித்தான் வரோணும். அங்கை ஒருத்தர் பொயிலரைக் கழட்டிப்போட்டுக் கரண்ட் ஹீற்றர் பூட்டினார் எண்டு வையுங்கோ. அவற்றை இடத்திலை புகை நிண்டிடும், பவர் ஹவுசிலை ரெண்டு மடங்குக்கு மேலை டீசல் எரியும்.

சரி, தீவுப் பக்கம் எந்தத் தொழிலுக்குச் சூடு வேணும்? கடலட்டையைப் பாருங்கோ. குடலை எடுத்து, பெரிய கிடாரத்திலை அவிச்சு, மணலுக்குள்ளை தாட்டு வைச்சு, தோலிலை இருக்கிற சுண்ணாம்பைத் தேய்ச்சுக் கழுவி, திரும்பவும் அவிச்சு, பிறகுதான் வெயிலிலை போடுறது. நண்டும் அப்பிடித்தான், சதை எடுக்க முதல் ஒருக்கா ஆவியிலை அவியோணும், டப்பாவிலை அடைச்ச பிறகு 85 பாகை அளவிலை இன்னொருக்காச் சூடாக்கோணும். பனங்கட்டி எண்டால், ஒரு கிலோவுக்கு 8 லீற்றர் பதநீர் வத்தோணும். அந்தத் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆவியாக்க மட்டும் 5 யூனிற் சூடு.

எல்லாமே 100 பாகையைச் சுத்தித்தான் நிக்குது. சீமெந்துச் சூளை மாதிரி 1,450 பாகை ஒருத்தரும் கேக்கேல்லை. அதாலைதான் ஹீற் பம்ப் இஞ்சை சரிவரும். அது சூட்டை உண்டாக்கிறேல்லை, ஓரிடத்திலை கிடக்கிற சூட்டை அள்ளி இன்னோரிடத்திலை கொட்டும். மீன் பதனிடுற ஆலையிலை குளிர் அறையின்ரை கொம்பிரசர் இரவுபகலாச் சூட்டை வெளியிலை துப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டைப் பிடிச்சு, 80 பாகைச் சுடுதண்ணியா மாத்தலாம். ஒரு யூனிற் கரண்டுக்கு மூண்டு யூனிற் அளவிலை சூடு.

இப்ப பழைய கணக்குக்கு வாங்கோ. ஒரு லீற்றர் டீசல், மூண்டு யூனிற் கரண்ட், ஒன்பது யூனிற் சூடு. பொயிலர் தந்தது எட்டு! டீசல் கரண்டிலை ஓடினாலும் நட்டமில்லை. ஹீற்றருக்கும் ஹீற் பம்புக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கு.

காத்தும் வெயிலும் வந்தால் கதையே வேறை. இந்த மூண்டு தீவிலையும் சோலாரும் காத்தாடியும் பூட்டுறதுக்கு ஒரு திட்டம் இருக்கு, அதின்ரை அரசியல் இதுதான். 2021 ஜனவரியிலை சீன நிறுவனத்துக்குக் குடுக்க அமைச்சரவை ஓம் எண்டது. இந்தியா மறுப்புச் சொல்ல, அந்த வருசக் கடைசியிலை சீனத் தரப்பு நிப்பாட்டினது. 2024 மார்ச் 1ஆம் திகதி, இந்தியாவின்ரை 11 மில்லியன் டொலர் மானியத்திலை, பெங்களூர் நிறுவனமொண்டோடை ஒப்பந்தம். மூண்டு தீவுக்கும் சேர்த்து சோலார் 1,700 கிலோவாற், காத்தாடி 530, பற்றரி 2,400 யூனிற், காவலுக்கு 2,500 கிலோவாற் டீசல்.

இதிலை பற்றரியைக் கவனியுங்கோ. நல்ல வெயிலிலை, ஒருத்தரும் கரண்ட் பாவிக்காட்டில், சோலார் மட்டுமே ஒண்டரை மணித்தியாலத்திலை அதை நிரப்பிப் போடும். பிறகு வாற வெயில் வீண்தான். அந்த நேரம் 1,000 லீற்றர் தாங்கித் தண்ணியை 30 பாகையிலை இருந்து 90க்கு ஏத்தினால் 70 யூனிற் அதுக்குள்ளை போய் இருக்கும். தாங்கிக்கு லித்தியமும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை. அதைவிடக் கூடின சூடு வேணுமெண்டால் மணல். பின்லாந்திலை காங்கான்பா எண்ட ஊரிலை 2022இலை இருந்து 100 தொன் மணலை 500 பாகைக்கு மேலை சூடாக்கி வைச்சு, ஊருக்கு எடுத்துக் குடுக்கினம்.

ஒண்டு சொல்லோணும். பனங்கட்டி காய்ச்சுற அம்மாவிட்டைப் போய் ஹீற்றர் வாங்குங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன். காவோலையும் பனைமட்டையும் ஊமலும் அவவுக்குக் காசில்லாமல் கிடைக்குது, அது கடல் தாண்டி வாற எண்ணெயுமில்லை. அவவுக்கு வேண்டியது புகை போறதுக்கு நல்ல அடுப்பு. மாத்த வேண்டியது எண்ணெய்ப் பொயிலர் வைச்சிருக்கிற ஆக்கள்.

ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் நாட்டு லைன்தான், ஆனா அங்கையும் இதே கதை. 2025 சித்திரை வருசப்பிறப்பு விடுமுறையிலை, கரண்ட் மிஞ்சிப்போச்சு, கூரைச் சோலாரைப் பகலிலை நிப்பாட்டுங்கோ எண்டு மின்சார சபை சனத்தைக் கேட்டது. ஆனா ஆலையளுக்கு மலிவு நேரம் எண்டு கன காலமா வைச்சிருந்தது இரவு 10.30 தொடக்கம் விடிய 5.30 வரை. மத்தியான யூனிற் விலையை அந்த இரவு விலைக்குக் கீழை இறக்கினால், தாங்கி பூட்டுற முதலாளி தானா வருவார்.