நகையும் அழுகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணுமிடத்து நகையை முதலிலும் அழுகையை அதன் அயலிலும் வைத்தார். அயலில் நிற்கும் இவ்விரண்டையும் நாமோ பகைப்பொருள்களாகவே கருதுகின்றோம். சிரிக்க வைப்பவனுக்கு அழவைக்கும் ஆற்றல் இராது என்பது நம்மிற் பலரது எண்ணம். இவ்வெண்ணம் பிழையென்பதற்கு நடிகர் நாகேஷ் தக்க சான்றாவார்.

1933 ஆம் ஆண்டு தாராபுரத்திற் பிறந்த இவர், மெலிந்த உடலும் அம்மைத் தழும்புள்ள முகமும் உடையவர். கே. பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ 1964 இல் வெளிவந்தது. உணவுச்சாலைப் பணியாளன் ஒருவன் புகழ்மிக்க நகைச்சுவை நடிகனாகின்றான், ஆயினும் தான் விரும்பிய பெண்ணை இழக்கின்றான், தாயையும் இழக்கின்றான். மறு ஆண்டில் வந்த ‘நீர்க்குமிழி’யில், மருத்துவமனையிற் சாவை எதிர்நோக்கியவாறே பிறரை மகிழ்விக்கும் நோயாளியாக நாகேஷ் தோன்றினார். சிரிக்கச் சென்றோர் கண்ணீரோடு மீண்டனர்.

இஃது எங்ஙனம் இயன்றது? தொல்காப்பியர் அழுகைக்குக் கூறிய நிலைக்களன்களுள் வறுமையும் ஒன்று. 1965 இல் வந்த ‘திருவிளையாட’லில் தருமி வறுமையாற் புலம்புகின்றான், நாம் சிரிக்கின்றோம். ஆகவே நகைச்சுவை நடிகன் கையாளும் பொருள் பெரும்பாலும் துன்பமே. அதனை விரைந்த பேச்சாலும் துள்ளும் உடலாலும் அவன் மறைக்கின்றான். அவ்விரைவைச் சற்றே நிறுத்திவிட்டால் உள்ளிருக்கும் துயர் தானே வெளிப்படும். எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை அவனைவிட நன்கறிந்தவர் யாவர்? 1994 இல் வந்த ‘நம்மவர்’ படத்தில், மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்தமைக்கே நாகேஷ் இந்தியத் தேசிய விருதினைப் பெற்றார்.

இதனை நாம் கோமாரியிலும் கண்டோம். வகுப்பைச் சிரிப்பில் ஆழ்த்தும் மாணவன் ஒருவனுக்குப் பள்ளி நாடகத்தில் எப்பொழுதும் கோமாளி வேடமே கொடுத்து வந்தோம். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், முகாமிற் சிறுவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான் அவன். அவன் வீட்டிலும் இழவு நேர்ந்திருந்ததை நாம் பின்னரே அறிந்தோம். அவனை எத்துணைக் குறைவாக அளந்திருந்தோம் என்று அன்று நாணினோம்.

அன்று முதல் சிரிக்கும் பிள்ளைக்கு ஒரே வேடத்தைத் தருவதில்லை. பழைய மாணவர்களே, உங்கள் வகுப்பிற் சிரிக்க வைத்தவன் எவனோ, இவ்விழா நாளில் அவனைத் தேடி நலம் உசாவுங்கள்.