பெயர் மறைத்த கிண்ணமும் கருதலளவையும்

மதுவை உண்டு மயங்குதல் வேறு. அதனை ஆராய்ந்து அறிதல் வேறு. மேலை நாடுகளில், திராட்சை மதுவின் பெயரையும் ஊரையும் மறைத்து வைத்து, கிண்ணத்தில் உள்ளதைக் கொண்டே அஃது எவ்வகைத் திராட்சையினின்று வந்தது எனக் கூறச் செய்யும் தேர்வு உண்டு. ஆய்பவர் ஒரு மிடறு சுவைத்து உமிழ்ந்துவிடுவர். இதனை நாவின் மாயவித்தை எனப் பலர் எண்ணுவர். உண்மையில் இது, புகையைக் கண்டு நெருப்பை உணரும் கருதலளவையே ஆகும்.

கெவூர்ட்ஸ்டிராமினர் என்னும் திராட்சையைச் சான்றாகக் கொள்வோம். ‘கெவூர்ட்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் நறுமணச் சரக்கு; டிராமின் என்பது வட இத்தாலியில் உள்ள ஓர் ஊர். பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள அல்சாஸ் பகுதி இம்மதுவுக்குப் பெயர் பெற்றது.

முதலில் கண் சான்று கூறும். இத்திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு. ஆதலின், வெள்ளை மதுவேயாயினும் நிறம் சற்று அழுத்தமான பொன்னிறமாய் இருக்கும். அடுத்தது மூக்கு. ரோஜாவும் லைச்சிப் பழமும் கலந்த மணம் எழும். இம்மதுவிலும் லைச்சியிலும் பொதுவான மணப்பொருள்கள் பல உள்ளன என்றும், அவற்றுள் சிஸ்-ரோஸ் ஆக்சைடு என்பது தலையாயது என்றும் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் எடுத்துக்காட்டினர்.

எனினும், மணம் ஒன்றையே நம்பினால் பிழை நேரும். மஸ்கட் திராட்சையின் மதுவிலும் மலர்மணம் உண்டு. ஆனால் அதில் பச்சைத் திராட்சையின் மணமே மேலோங்கும். ரீஸ்லிங் மதுவும் மணமிக்கதே. ஆனால் அதன் புளிப்பு மிகுதி. கெவூர்ட்ஸ்டிராமினரிலோ புளிப்புக் குறைவு. வாயில் கனமும் வெம்மையும் தோன்றி, இறுதியில் சிறு கசப்பு நிற்கும். இக்குறிகள் யாவும் ஒருங்கே பொருந்தினாலன்றி முடிவு கூறலாகாது.

கண்ணும் ஏமாற்றவல்லது. பிரான்சின் போர்தோ நகரில், மதுவியல் பயிலும் மாணவர் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை மது கொடுக்கப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே விவரித்தனர். இவ்வாய்வு 2001-இல் வெளியாயிற்று. நிறம் முந்திக்கொண்டு கூறியதை மூக்கும் வழிமொழிந்தது.

1953-இல் லண்டனில் தொடங்கிய ‘மாஸ்டர் ஆஃப் வைன்’ தேர்வில், ஒரு தாளுக்கு 12 கிண்ணங்கள் பெயரின்றி வைக்கப்படும். அங்குத் திராட்சையின் பெயரைச் சொல்வது மட்டும் போதாது. காரணம் காட்டல் வேண்டும். விடை தவறினும், காட்டிய காரணம் பொருத்தமாயின் மதிப்பெண் உண்டு. காரணமின்றிச் சரியாக ஊகித்தவனைவிட, காரணம் கூறித் தவறியவன் அறிவுக்கு அணுக்கமானவன். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரும் எண்ணிப் பார்க்கத்தக்க நெறி இது.