உரிமை உண்டு, பயிற்சி எங்கே?

தெருக்குழாயில் நீர் வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்ட இளைஞன் ஒருவனிடம், “தம்பி, வாக்காளர் பட்டியலில் உன் பெயர் உண்டா?” என்று வினவினேன். “ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும், சாமி?” என்றான் அவன்.

அவனை மட்டும் குறை கூறுவது முறையன்று. தொடக்கத்தில் நம் அரசியலமைப்பு 21 வயது நிறைந்தோர்க்கே வாக்குரிமை வழங்கியது. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 61-ஆவது திருத்தம் அவ்வயதை 18 ஆகக் குறைத்தது. சட்டம் உரிமையைத் தந்தது; அதனைக் கையாளும் பயிற்சியை யார் தருவது?

அதற்குரிய பள்ளி நம் ஊரிலேயே உள்ளது. அதுவே கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர்களே. தமிழகத்தில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் முதலிய நாள்களில் அது கூடும். அங்கே ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றுக்காகத் தீர்மானம் கொண்டு வரலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடும் வாக்கோடு குடிமகனின் கடமை முடிந்துவிடுவதில்லை.

பெற்றோரே, பதினெட்டு நிறைந்த உங்கள் மக்களின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா? அடுத்த கிராம சபைக்கு அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தெருக்குழாயைப் பற்றி அவர்களே எழுந்து பேசட்டும்.