அட்டைக்குள் ஓர் ஆட்டக்காரர்

அமெரிக்காவின் ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ்பால் மேசை விளையாட்டு 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்'. நிஜ ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இதில் ஓர் அட்டை உண்டு. அவர் ஒரு சீசனில் ஆடிய ஆட்டத்தின் கணக்கு அந்த அட்டையில் அடங்கியிருக்கும்.

ஆட, மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் (பந்தை அடிப்பவரின்) அட்டையையும், 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் (பந்தை எறிபவரின்) அட்டையையும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று பத்திகள் உண்டு; எந்தப் பத்தி என்பதையும் விழுந்த எண்ணே காட்டிவிடும். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, அந்தப் பத்தியில் எந்த வரி என்று சொல்லும்.

அட்டையைக் கண்ணால் பார்த்து எடை போட்டால் ஏமாந்துபோவோம். ஒருவருக்கு 7 என்ற ஒரே வரியில் ஹோம் ரன். இன்னொருவருக்கு 2, 3, 4 என மூன்று வரிகளில் ஹோம் ரன். இரண்டாமவர் பலசாலி என்றே தோன்றும். ஆனால் இரு பகடைகளில் 7 விழ 6 வழிகள் உண்டு. 2 விழ ஒன்று, 3 விழ இரண்டு, 4 விழ மூன்று வழிகள்தான். கூட்டினால் அதுவும் ஆறு. ஹோம் ரன்னில் இருவரும் சமம்.

இந்தக் கூட்டலை நூற்றுக்கணக்கான அட்டைகளுக்குச் செய்யத்தான் எக்செல் போன்ற விரிதாள் தேவைப்படுகிறது. ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு வரிசை. பத்திக்கு 36 வீதம் மூன்று பத்திகளில் 108 வாய்ப்புகள். அவற்றில் சிங்கிள் (முதல் பேஸ்வரை ஓடவைக்கும் அடி) எத்தனை, வாக் (நான்கு தவறான எறிகளால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) எத்தனை, ஹோம் ரன் எத்தனை என்று நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் அதன் ரன் மதிப்பால், அதாவது அது சராசரியாக அணிக்குத் தரும் ரன்களால், பெருக்கிக் கூட்ட வேண்டும். 1984இல் ஜான் தோர்னும் பீட் பால்மரும் எழுதிய நூல் தரும் கணக்குப்படி சிங்கிளுக்கு 0.46, வாக்குக்கு 0.33, ஹோம் ரன்னுக்கு 1.40. புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது வாக்கைத்தான். மூன்று வாக்குகள் இரண்டு சிங்கிள்களைவிட மேல் என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன.

டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து ஆட்களை எடுப்பது, இன்னொரு கணக்கு. 40 ரன் மதிப்புள்ள ஃபர்ஸ்ட் பேஸ்மேன் (முதல் பேஸைக் காப்பவர்) ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை விட்டால் அடுத்து கிடைப்பவர் 36. ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) முதல்வர் 25தான். ஆனால் அவருக்கு அடுத்தவர் வெறும் 5. முதலில் எடுக்க வேண்டியவர் ஷார்ட்ஸ்டாப்தான். ஃபர்ஸ்ட் பேஸில் இழப்பு 4 ரன். ஷார்ட்ஸ்டாப்பை விட்டால் 20 ரன் போய்விடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பத்து அட்டைகளைக் கையாலேயே எண்ணிப் பாருங்கள். எண்ணும் முறை விரல்நுனிக்கு வந்தபின் விரிதாளில் சூத்திரம் எழுதுங்கள். கணக்கு புரியாமல் எழுதிய சூத்திரம், தவறான ஆளையும் முதலிடத்தில் உட்கார வைத்துவிடும்.